ஸ்பானிஷ் கதைகள் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தன?

கடலோடி:
கப்பல் வேலை எனக்கு. ஃப்ளோரிடாவில் டாம்பா துறைமுகத்தில் நின்றபோது ஈபோர் சிட்டிக்குப் போனேன். ஒரு காலத்தில் கியூபாக்காரர்களும் ஸ்பெயின்காரர்களும் சுருட்டு சுற்றிய பேட்டை. அங்கே சுவரில் ஒரு பழைய படம்: வரிசை வரிசையாக மேசைகள், தலை குனிந்து இலை சுற்றும் ஆட்கள், அவர்களுக்கு மேலே உயரமான மேடையில் கோட்டு போட்ட ஒருவர், கையில் தாள். அவர்தான் 'லெக்தோர்', வாசித்துக் காட்டுபவர். 1865இல் ஹவானாவில் எல் ஃபீகரோ ஆலையில் தொடங்கிய வழக்கமாம். முதலில் பத்திரிகை, பிறகு நாவல். எந்த நாவல் என்று தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். முதலாளி காலணா தரமாட்டார். வாசிப்பவரின் சம்பளம் அவர்கள் கூலியிலிருந்து போனது. வாசிப்பு பிடித்துவிட்டால் இலை வெட்டும் கத்தியால் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். மாண்டே கிறிஸ்டோ சுருட்டுக்குப் பெயர் கொடுத்ததும் ஆலைகளில் வாசிக்கப்பட்ட, பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் நாவல்தான்.

பத்திரிகை வாசித்தால் அரசியலும் வரும், சங்கமும் வரும். டாம்பா முதலாளிகள் 1931இல் வாசிப்பை நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை. மேடை இருந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. படிக்கத் தெரியாதவனுக்கும் பிரெஞ்சு நாவலாசிரியர் விக்தோர் ஹ்யூகோ பழக்கமாக இருந்த இடம் அது. படத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

நெல்லை வாசகி:
கடலோடி அண்ணா, எனக்கு வந்தது பாட்டு வழியாக. பனாமாக்காரத் தோழி ஒருத்தியின் வீட்டு விருந்து. சல்சா என்கிற லத்தீன் ஆட்ட இசை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு வந்ததும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வரிக்கு வரி கூடவே பாட ஆரம்பித்தார்கள். பனாமா பாடகர் ரூபன் பிளேட்ஸின் 'பெத்ரோ நவாஹா', 1978இல் வில்லி கோலோனோடு சேர்ந்து வெளியிட்ட 'சியெம்ப்ரா' தொகுப்பில் உள்ளது. ஏழு நிமிடத்துக்கும் மேல். தங்கப்பல், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கோட்டுப் பைக்குள் கத்தி என்று ஒரு தெருரவுடி வருகிறான். பாலியல் தொழில் செய்யும் ஒரு பெண்ணைக் குத்துகிறான். அவள் கையில் துப்பாக்கி இருந்தது அவனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் தெருவில் விழுகிறார்கள். சத்தம் கேட்டு ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வழியில் வந்த குடிகாரன் ஒருவன் கத்தி, துப்பாக்கி, காசு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு பாடியபடியே போய்விடுகிறான்.

இவ்வளவையும் இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டே கேட்கிறார்கள்! எனக்கு முதலில் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

சந்தேகி:
பாட்டும் நாவலும் சரி. ஸ்பானிஷ் டிவி தொடரான டெலிநாவெலா என்பது நம்ம மெகா சீரியல்தானே? அதே மாமியார், அதே கண்ணீர்.

மாட்ரிட் மாலதி:
கண்ணீர் அதேதான் தம்பி. ஆனால் அது முடிந்துவிடும்! கதைக்கு ஒரு முடிவு உண்டு என்று எழுதும்போதே தெரிந்து எழுதுகிறார்கள். இங்கே என் வீட்டுக்காரம்மா கொலம்பியாக்காரர். மறுஒளிபரப்பில் 'பெட்டி' (Betty) என்ற பெண்ணின் தொடர் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவார், வசனத்தை நடிகருக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். ஃபெர்னாந்தோ கைத்தான் எழுதி 1999 முதல் 2001 வரை ஓடிய தொடர். அழகில்லை என்று எல்லாரும் ஒதுக்கும் பெண், ஆனால் கம்பெனியின் கணக்கு முழுதும் அவள் கையில். ஹிந்தியில் 'ஜஸ்ஸி'யாக வந்ததும் இதே கதைதான். எனக்குப் பிடித்தது காதல் பகுதி இல்லை. செயலாளர்கள் கூடி வம்பளக்கும் காட்சிகள்.

இதற்கெல்லாம் தாய் கியூபா ரேடியோ. 1948இல் ஃபெலிக்ஸ் காய்ஞெத் எழுதிய ரேடியோ தொடர் 'எல் தெரெச்சோ தெ நாசெர்', அதாவது 'பிறக்கும் உரிமை'. பிறந்த பேரனைக் கொல்லச் சொன்ன பணக்காரத் தாத்தா டான் ரஃபேல். உயிர் தப்பிய குழந்தை வளர்ந்து டாக்டராகி, யாரென்று தெரியாமலே அவரைக் காப்பாற்றுகிறான். உண்மை தெரிந்த நேரத்தில் தாத்தாவுக்குப் பேச்சு நின்றுபோகிறது. டான் ரஃபேல் எப்போது பேசுவார் என்று நாடே காத்திருந்தது. அந்த நடிகர் கூடுதல் சம்பளம் கேட்டதால்தான் வாயை அடைத்தார்கள் என்றும் சொல்வார்கள்.

ரயிலடி:
கொலம்பியா என்றதும் வயெனாட்டோ ஞாபகம் வந்தது. அக்கார்டியனைத் தோளில் போட்டு ஊர் ஊராகச் சேதி சொல்லிப் பாடியவர்களின் இசை. 'நூறு ஆண்டுகளின் தனிமை' நாவல் 350 பக்க வயெனாட்டோதான் என்று அதை எழுதிய கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸே சொல்லியிருக்கிறார். அந்த நாவலில் வரும் பிரான்சிஸ்கோ, சாத்தானையே பாட்டுப்போட்டியில் ஜெயித்தவன் என்பது அந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கதை. நாவலை இரண்டு முறை பாதியில் வைத்தவன் நான்; பாட்டுகளைக் கேட்ட பிறகுதான் அதன் ஓட்டம் பிடிபட்டது. 'லா கோத்தா ஃப்ரியா'வில் தொடங்குங்கள். எமிலியானோ சுலேத்தா தன் போட்டியாளர் லொரென்சோ மொராலெஸைச் சபையில் மட்டம் தட்டுவதற்கென்றே கட்டிய பாட்டு. வயதான பிறகு இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள்.

நெல்லை வாசகி:
ரயிலடி சார், மொராலெஸ் பதிலுக்குப் பாடியது எங்கேயாவது கேட்கக் கிடைக்குமா? ஒரு பக்க நியாயத்தை மட்டும் கேட்டு எப்படித் தீர்ப்பு சொல்வது?