ஒளிபரப்பும் ஒளிபாய்ச்சலும்: ‘ஸ்ட்ரீமிங்’ என்பதற்குத் தனிச்சொல் ஏன் வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

படத்தையும் பாட்டையும் இணையம் வழியே, கேட்பவருக்குக் கேட்டபோது அனுப்பும் ‘ஸ்ட்ரீமிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் கலைச்சொல் உரையாடல் இழையில் இதுவரை ‘ஓடை’, ‘தாரை’, ‘இணைய ஒளிபரப்பு’ ஆகிய மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றாவதற்கே ஆதரவு மிகுதி. செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன, மக்களுக்கும் புரிகிறது, பிறகு புதுச்சொல் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேர்விட்ட சொல்லைப் பிடுங்கக் கூடாது என்று இந்தக் குழுமத்தில் பலமுறை வாதிட்டவன் நான். இந்த ஒரு சொல்லில் மட்டும் மாறுபட வேண்டியவனாக இருக்கிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதா வரைவை மாணவர்களுக்காகத் தமிழில் சுருக்கி எழுதத் தொடங்கினேன். கேபிள் தொலைக்காட்சிக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இணையம் வழியே படங்களையும் தொடர்களையும் வழங்கும் ஓடிடி தளங்கள் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்கீழ் வருகின்றன. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவது அந்த வரைவின் நோக்கங்களுள் ஒன்று. அது தகுமா என்பதே அதைப் பற்றிய பெரிய சர்ச்சை. அந்தச் சர்ச்சையைத் தமிழில் எழுதியபோது எனக்கு அமைந்த வாக்கியம் இது: ‘இணைய ஒளிபரப்பை ஒளிபரப்பாகக் கருதலாமா?’ கேள்விக்குள்ளேயே விடை உட்கார்ந்திருக்கிறது. இணைய ஒளிபரப்பு என்று பெயர் வைத்த கணத்திலேயே அது ஒளிபரப்பின் ஒரு வகை என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். தமிழில் மட்டும் படிக்கும் மாணவருக்கு, இங்கே ஒரு சர்ச்சை இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். வரைவின் பக்கம் நிற்பதா, எதிர்ப்பதா என்பது வேறு செய்தி. இரு தரப்பும் பேசுவதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருந்தாக வேண்டும்.

‘பரப்பு’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலத்தில் ‘பிராட்காஸ்ட்’ என்பது வானொலிக்கு வருமுன் உழவர்களின் சொல்லாக இருந்தது. விதையைக் கையால் அகல வீசித் தெளிப்பதற்கு அந்தப் பெயர். அந்த உவமையை அப்படியே சுமந்து வராமல் ‘பரப்பு’ என்று எடுத்துக்கொண்டது நம்மவர்களின் நல்ல தேர்வு. நாற்று நடுபவருக்கு ஒவ்வொரு நாற்றும் எங்கே நிற்கிறது என்று தெரியும். தெளிப்பவருக்கு எந்த விதை எங்கே விழுந்தது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தொலைக்காட்சிக் கோபுரமும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரே அலை எல்லாத் திசைகளிலும் போகிறது. பத்து வீட்டில் பார்த்தாலும் பத்து லட்சம் வீட்டில் பார்த்தாலும் கோபுரத்துக்கு ஆகும் மின்செலவு ஒன்றுதான். எந்த வீட்டில் பெட்டி ஓடுகிறது என்பது நிலையத்துக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால்தான் மாதிரிக்குச் சில வீடுகளைத் தேர்ந்து, அங்கே மீட்டர் பொருத்தி, பார்வையாளர் எண்ணிக்கையை மதிப்பிட வேண்டியிருக்கிறது. கேபிளில் அலைக்குப் பதில் கம்பி வந்தாலும், ஒரே சமிக்ஞை எல்லா வீட்டுக்கும் போவதால் அதுவும் பரப்பல்தான்.

ஸ்ட்ரீமிங் அடிப்படையிலேயே வேறு. நீங்கள் கேட்டால்தான் வழங்கி (சர்வர்) அனுப்பும். கேட்டவரின் முகவரி தெரியாமல் அனுப்பவே முடியாது. பத்து லட்சம் பேர் கேட்டால் பத்து லட்சம் தனித்தனிப் படிகள் போக வேண்டும். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் பெரிய நிறுவனங்கள் ஊருக்கு அருகிலேயே படியைச் சேமித்துவைக்கும் இடைத்தேக்கு வழங்கிகளை வைக்கின்றன. யார் பார்த்தார், எந்த நொடியில் நிறுத்தினார், எதைப் பாதியில் விட்டார் என்பதெல்லாம் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. பார்ப்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே கண்ணாடித் திரையில் ஒரே கிரிக்கெட் ஆட்டமாகத் தெரியலாம். ஆனால் அனுப்புநருக்கும் பார்ப்பவருக்கும் உள்ள உறவு தலைகீழாக மாறிவிட்டது.

இந்த உறவுக்கு நம் வயல்வரப்பில் பழகிய சொல் இருக்கிறது. ஆற்றுப் பாய்ச்சல், ஏரிப் பாய்ச்சல், கிணற்றுப் பாய்ச்சல் என்று உழவர்கள் சொல்கிறார்கள். மழை எல்லார் நிலத்திலும் ஒன்றுபோலப் பெய்கிறது. பாய்ச்சல் அப்படியன்று. வாய்க்கால் வழியே வந்து, மடை திறந்த வயலுக்கு மட்டும், திறந்த அளவுக்கு மட்டும் போகிறது. எனவே என் முன்மொழிவு: ‘ஸ்ட்ரீமிங்’ என்பதற்கு ஒளிபாய்ச்சல், அதன் வினைக்கு ஒளிபாய்ச்சு, அந்தச் சேவையை நடத்தும் ஓடிடி தளத்துக்கு ஒளிமடை. ஒலிபரப்புக்கு இணையாக, இசையையும் பேச்சையும் அனுப்புவதற்கு ஒலிபாய்ச்சல், ஒலிமடை என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஓடை’யை நான் ஏற்காததற்குக் காரணம், ‘செய்தியோடை’ (ஃபீட்) என்று வேறொரு பொருளில் அது ஏற்கெனவே இணையத்தில் புழங்குகிறது என்பது மட்டுமன்று. ஓடை தானாக ஓடுவது. இதுவோ ஒருவர் திறக்க, மற்றொருவர் விடுவது. ‘தாரை’ அழகான சொல்தான்; ஆனால் அதிலிருந்து வினை பிறக்கவில்லை. ‘நேற்றைய ஆட்டத்தைத் தாரைத்தார்கள்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. ‘நேற்றைய ஆட்டத்தை ஒளிபாய்ச்சினார்கள்’ என்றால் முதல் முறை கேட்பவருக்கும் ஓரளவு விளங்கும். கலைச்சொல்லைப் பெயரை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது. வினையாகவும் எச்சமாகவும் அடையாகவும் அது வளைகிறதா என்று பார்க்க வேண்டும்.

வரக்கூடிய மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். ‘ஒளி பாய்ச்சுதல்’ என்றால் டார்ச் விளக்கை அடிப்பதாகத் தோன்றும் என்று திருச்சி நண்பர் தனிமடலில் எழுதினார். உண்மைதான். ஆனால் ‘விளக்கு ஒளி பரப்பியது’ என்றும்தான் எழுதுகிறோம்; அதனால் ‘ஒளிபரப்பு’ குழம்பவில்லை. சேர்த்து எழுதுவதும் இடமும் பொருளைக் காட்டிவிடும். பேச்சில் ‘ளி’யும் ‘லி’யும் ஒன்றாகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. அந்தக் குறை ஒலிபரப்பு, ஒளிபரப்பு இரண்டிலும் தொடக்கம் முதலே உண்டு. சென்னைத் தொலைக்காட்சியின் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியின் பெயரை எத்தனை வீடுகளில் எத்தனை விதமாக உச்சரித்தோம் என்பது நினைவிருக்கும். ‘மடை’ என்றதும் ‘மடையன்’ நினைவுக்கு வரும் என்று கொழும்பிலிருந்து எழுதிய அன்பர் கவலைப்படுகிறார். ‘மடை திறந்தாற்போல’ என்ற தொடர் அதைவிட வலுவாக வாழ்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தொலைக்காட்சிக் காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே மாதம் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுசென்ற ‘சைட்’ திட்டமும் தொடங்கியது. ஊருக்கு ஒரு பெட்டி. ஊரே கூடிப் பார்த்தது. தமிழ்நாடு அந்தத் திட்டத்தில் இல்லை என்றாலும், பின்னாளில் எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறையின் முன் மணலில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அங்கே எங்களுக்குத் தேர்வு இல்லை. வயலும் வானிலையும் வந்தால் அதையும் பார்த்தோம். இந்தக் கட்டாயத்தில் இழப்பும் உண்டு. அரசு சொன்னதே செய்தியாக இருந்த காலத்தை நான் ஏங்கி நினைக்கவில்லை. ஆனால் ஒரே வேளையில் ஒரே செய்தியை எல்லாரும் கேட்டிருந்தோம் என்பதால், மறுநாள் டீக்கடையில் அதைப் பற்றிச் சண்டையிட முடிந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாய்ச்சப்படும் காலத்தில், பக்கத்து வீட்டாருக்கு எது வந்தது என்பதே தெரியவில்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பரப்பலுக்குக் கடமைகள் விதிப்பதற்கான வலுவான அடிப்படைகளுள் ஒன்று அது. நாட்டுக்கு முக்கியமான ஆட்டங்களின் சமிக்ஞையை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான், மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோள் இணைப்பு வைத்திருக்கும் வீட்டிலும் சில ஆட்டங்கள் தெரிகின்றன. மடை முற்றிலும் தனியார் கையில் இருக்கும்போது, யார் நிலத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் நீர்க்கட்டி (பாசன நீரைப் பங்கிடுபவர்) யார் என்ற கேள்வி எழுகிறது. சொல்லில் மடை இருந்தால் அந்தக் கேள்வியைத் தமிழில் இயல்பாகக் கேட்கலாம்.

பரப்பல் எப்படியும் அழியப்போகிறது, பிறகு அதற்குத் தனிச்சொல் எதற்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபுரங்கள் குறைவது மெய்தான். சுவிட்சர்லாந்தின் பொது ஒலி-ஒளிபரப்பு நிறுவனம் தரைவழி ஒளிபரப்பை 2019 ஜூனில் நிறுத்திவிட்டது. தூர்தர்ஷனும் தன் பழைய அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. ஆனால் எதிர்த்திசையிலும் முயற்சி நடக்கிறது. இணையமே இல்லாமல் கைபேசி நேராகத் தொலைக்காட்சி அலையைப் பிடிக்கும் ‘டி2எம்’ (டைரக்ட் டு மொபைல்) முறையை ஐஐடி கான்பூரும் பிரசார் பாரதியும் சேர்ந்து சோதித்து வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கைபேசி இணைப்பு செத்துக்கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது பாய்ச்சல் திணறும், பரப்பல் திணறாது. இந்த ‘டி2எம்’ முறையைக் கைபேசி நேர்பரப்பு என்று அழைக்கலாம். ‘இணைய ஒளிபரப்பு’ என்ற பெயரை ஸ்ட்ரீமிங்குக்குக் கொடுத்துவிட்டால், இணையம் இல்லாமல் கைபேசிக்கு வரும் இதை எப்படிப் பிரித்துச் சொல்வது?

நிலையம் குறித்த நேர வரிசைப்படி நிகழ்ச்சிகள் வரும் ‘லீனியர்’ தொலைக்காட்சி பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு அச்சு, அதாவது வேறு கோணம். எப்படி வருகிறது என்பது ஒன்று. எந்த வரிசையில், யார் குறித்த நேரத்தில் வருகிறது என்பது மற்றொன்று. ஒரு சேனலை அப்படியே கைபேசிச் செயலியில் பார்த்தால், அது பாய்ச்சல்தான், ஆனால் வரிசை சேனலுடையது. பிரிட்டனில் தொலைக்காட்சி உரிமக் கட்டண விதி இந்த இரண்டாவது அச்சையே பெரிதும் பார்க்கிறது. சேனலில் போகிறபோதே பார்த்தால், எந்தக் கருவியில் பார்த்தாலும் கட்டணம் உண்டு. ‘நேரியல்’ கணிதத்துக்கு இருக்கட்டும், ‘நேரலை’யோடும் குழம்பும். ‘லீனியர்’ என்பதற்கு நிரல்வழி என்பது போதும். பார்ப்பவர் விரும்பிய நேரத்தில் வருவதைக் குறிக்கும் எதிர்ச்சொல் (‘ஆன் டிமாண்ட்’) விழைநேர.

எஞ்சியிருப்பது ‘மல்டிகாஸ்ட்’. ஒரே ஓட்டமாகப் புறப்பட்டு, கேட்டவர்கள் இருக்கும் கிளைகளில் மட்டும் பிரிந்து செல்லும் இதைக் கிளைபாய்ச்சல் என்று எழுதிவருகிறேன். இணைய நெறிமுறை வழியே தொலைக்காட்சி வழங்கும் ஐபிடிவி நிறுவனங்களில் பணியாற்றும் நண்பர்கள் இது பொருந்துகிறதா என்று சொன்னால், அருஞ்சொற்பட்டியலில் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒருசேர ஏற்றிவிடலாம்.

அன்புடன்.