மறு: குறுவினாவா, குறுவிடையா? ‘சொல்விடை’ என்று வைக்கலாமே

அன்புள்ள நண்பர்களே,

இணையவழிக் கற்றல் மென்பொருளான மூடிலின் (Moodle) வினா வகைகளுக்குத் தமிழ்ப்பெயர் வைக்கும் இந்த இழையில், ‘Short answer’ என்ற வகைக்குக் ‘குறுவினா’வுக்கும் ‘குறுவிடை வினா’வுக்கும் ஆதரவு ஏறக்குறைய சமமாக இருக்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘குறுவினா’ என்றதும் ஆசிரியர் மனத்தில் வருவது பாடநூலின் பின்பக்கம். அங்கே குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று படிப்படியாகப் போகும். குறுவினாவுக்கு மாணவர் இரண்டு மூன்று வரி எழுதுவார், திருத்துபவர் பொருளைப் பார்த்து மதிப்பெண் போடுவார். மூடிலில் நடப்பது அப்படி அல்ல. மாணவர் ஒரு பெட்டியில் ஒரு சொல்லையோ சின்னத் தொடரையோ தட்டுகிறார். நாம் முன்கூட்டியே எழுதி வைத்த விடைகளோடு இயந்திரம் அதை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது. பொருந்தினால் மதிப்பெண், இல்லாவிட்டால் சுழியம். பொருள் என்ற ஒன்று அதற்குத் தெரியவே தெரியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ‘தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் நிகழ்வின் பெயர் என்ன?’ என்று ஒரு வினா அமைத்தேன். ‘ஒளிச்சேர்க்கை’ என்று ஒரே விடை கொடுத்து, நூறு விழுக்காடு போட்டுச் சேமித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் ‘ஒளிச் சேர்க்கை’ என்று இடைவெளி விட்டவருக்குச் சுழியம், ‘ஒளிசேர்க்கை’ என்று ஒற்றை விட்டவருக்குச் சுழியம், ‘ஒளிச்சேர்க்கை ஆகும்’ என்று மரியாதையாக முடித்தவருக்கும் சுழியம். அந்த மூன்றாவது மாணவி, “நான் எழுதியதில் என்ன தப்பு?” என்று கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வரி எழுதும் பழக்கத்தில் இருந்தவரை ஒரு சொல் மட்டும் கேட்கும் பெட்டிமுன் உட்கார வைத்துவிட்டு, அதை நான் சொல்லவே இல்லை.

ஆகவே பெயரே அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ‘குறு’ என்ற அடை நீளத்தைத்தான் சொல்கிறது. இங்கே ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியது நீளம் அல்ல, சொல்லுக்குச் சொல் ஒப்பிடப்படும் என்பதை.

என் முன்மொழிவு: சொல்விடை. வினா வகையின் முழுப்பெயர் ‘சொல்விடை வினா’.

இதற்கு ஒரு துணையும் இருக்கிறது. எண்ணை விடையாகக் கேட்கும் வகையும் மூடிலில் தனியாக உண்டு. அதில் ‘இவ்வளவு முன்பின் இருந்தால் ஏற்கலாம்’ என்று ஒரு வரம்பும் கொடுக்கலாம். அதை ‘எண்விடை’ என்றால் எண்விடை, சொல்விடை இரண்டும் உடன்பிறப்புகளாகப் பட்டியலில் நிற்கும். இரண்டையும் இயந்திரமே திருத்தும், மாணவர் தட்டச்சு செய்ய வேண்டும். ‘கட்டுரை’ தனியே நிற்கும், அதை ஆள்தான் திருத்த வேண்டும். பெயரைப் பார்த்ததுமே யார் திருத்துவார் என்பது தெரிந்துவிடும்.

ஒரு தோழர் கேட்டது நியாயமான கேள்வி: “விடை இரண்டு மூன்று சொல்லாக வந்தால்?” ‘கார்பன் டை ஆக்சைடு’ எழுதும்போது மூன்று சொல்லாகத் தெரிந்தாலும் ஒரு பொருளின் ஒரு பெயர்தான். வாக்கியமாக எழுதாதே என்பதே ‘சொல்’ தரும் குறிப்பு, அது போதும். இன்னொருவர் ‘சொல், விடை!’ என்று ஏவலாகப் படித்துவிடுவார்களே என்றார். ‘எண்விடை’ பக்கத்தில் இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது. வகரம் வருவதால் சொல் ‘சொற்’ ஆகத் திரியாது என்பது கூடுதல் வசதி. தேடும்போது ஒரே வடிவம்தான்.

‘பொருத்துவிடை’யைப் பரிந்துரைத்தவருக்கு ஒரு வார்த்தை. ஒப்பிடுவதைச் சொல்வதால் எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் ‘பொருத்துக’ என்ற வகை பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டும் மோதும். விடையைக் குறிக்கும் ‘செப்பு’ என்ற தொல்காப்பியச் சொல்லை எடுத்து வந்த நண்பரின் ஆசை புரிகிறது. ஆனால் நன்னூல் சொல்லும் எண்வகை விடைகளில் ஐந்து குறிப்பால் உணர்த்துபவை. ‘கடைக்குப் போவாயா?’ என்றால் ‘கால் வலிக்கிறது’ என்பதும் நம் இலக்கணத்தில் விடைதான். அந்த வளமான மரபின் சொல்லை, குறிப்பே புரியாத ஒரு பெட்டிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இனி உடுக்குறி (*). நாம் எழுதி வைக்கும் விடையில் எந்த எழுத்து வரிசைக்கும் ஈடாக நிற்கும் அந்த நட்சத்திரத்துக்கும் பெயர் வேண்டும். ‘பதிலி’ என்றார்கள். விடை எழுதும் இடத்தில் ‘பதிலி’ என்றால் ‘பதில்’ என்றே கண் படிக்கும், வேண்டாம். ‘பொதுக்குறி’ என்று வைக்கலாம்.

பெயரோடு இதற்கு ஒரு நல்ல உதவிக்குறிப்பும் எழுத வேண்டும், ஏனென்றால் தமிழில் இதன் போக்கு வேறு. ‘ஒளி*சேர்க்கை’ என்று கொடுத்தால் இடைவெளி விட்டவரும் ஒற்றை விட்டவரும் தேறிவிடுவார்கள். ஆனால் முன்னும் பின்னும் குறி போட்டு ‘*ஒளிச்சேர்க்கை*’ என்றால் ‘ஒளிச்சேர்க்கை அல்ல’ என்பதற்கும் முழு மதிப்பெண் போய்விடும். வேற்றுமை உருபு சேரும்போது இன்னொரு சிக்கல். ‘வேர்*’ என்று கொடுத்தால் ‘வேர்கள்’ பொருந்தும், ‘வேரில்’ பொருந்தாது. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் ‘ர்’ என்பது ரகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள், ‘ரி’ என்பது ரகரமும் கொக்கியும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ரகரம் மட்டுமே. எனவே புள்ளியை எடுத்துவிட்டு ‘வேர*’ என்று கொடுத்தால் வேர், வேர்கள், வேரில் மூன்றும் பொருந்தும். பார்க்கத் தப்பாகத் தெரியும், ஆனால் அதுதான் சரி. ‘மரம்’ போன்றவற்றில் இதுவும் உதவாது. ‘மரத்தில்’ வேண்டுமென்று ‘மர*’ கொடுத்தால் ‘மரபு’ம் உள்ளே வந்துவிடும். அங்கே வடிவங்களைத் தனித்தனி விடைகளாக எழுதுவதே நல்லது.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. ‘மௌனம்’ என்பதை ஔகாரக் குறியோடு எழுதுபவர் ஒருவர், ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டி ‘மெளனம்’ என்று எழுதுபவர் இன்னொருவர். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும், இயந்திரத்துக்கு வேறு வேறு. ‘கொ’வில் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் மூடில் ஒப்பிடும் முன் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். ளகரத்தை அப்படிச் சேர்க்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. ஔகாரம் வரும் விடை என்றால் இரண்டு வடிவத்தையும் கொடுங்கள் என்று உதவிப்பக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்கும் தெரிவுக்குக் கலைச்சொல் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. தமிழில் அந்த வேறுபாடு இல்லை. வேதியியல் குறியீடு கேட்கும்போதுதான் தேவைப்படும். கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாம் எழுத்தைப் பெரிதாக்கினால் அது கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். ‘பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கவா?’ என்று கேள்வியாகவே இருக்கட்டும்.

விடைகள் மேலிருந்து கீழாக ஒப்பிடப்படும், முதலில் பொருந்தியதே எடுக்கப்படும். எனவே கடைசி விடையாக வெறும் பொதுக்குறி ஒன்றை வைத்து, மதிப்பெண் சுழியம் என்று குறித்து, ‘ஒரு சொல்லில் எழுதிப் பாருங்கள்’ என்று கருத்துரை எழுதலாம். என் வினாவில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. அந்த மாணவியின் ‘ஆகும்’ என்ற வடிவத்தையும் விடையாகச் சேர்த்துவிட்டேன்.

‘சொல்விடை’க்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். ‘பொதுக்குறி’யில் எனக்கே முழு நிறைவு இல்லை. அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்