ஹனீபா கச்சேரியை நேரில் கேட்டவங்க எழுதுங்க

கீழ்வேளூரான்:
இஸ்லாமியப் பாடல்களுக்குப் பேர்போன பாடகர் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா மறைந்தது 2015 ஏப்ரல் 8. இன்றைக்குப் பையன்களுக்கு அவர் செல்போனில் வரும் ஒரு குரல், அவ்வளவுதான். மேடையில் பார்த்தவர்கள் நம்ம பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கீங்க. எழுதுங்க.

நான் ஆரம்பிக்கிறேன். எங்கள் தெருவில் முஸ்லிம் வீடே கிடையாது. ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்குக் குழாய் கட்டினால் முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு அம்மன் பாட்டு, அதற்கடுத்து ஹனீபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. நடுவில் அல்லாஹ் பேர் வரும். யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. பூசாரி கூடவே முணுமுணுப்பார்.

மைக்செட் தம்பி, திட்டச்சேரி:
எங்க மாமா மைக் செட் வச்சிருந்தாரு, நான் ஒயர் இழுக்குற பையன். மத்தவங்க பாடுனா மைக்கை வாயோட ஒட்டி வைக்கணும். இவருக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தணும்னு மாமா முதல்லயே சொல்லிடுவாரு. மேல் ஸ்தாயிக்குப் போறப்ப ஆம்ப்ளிஃபயர் குமிழ்ல கை வச்சுக்கிட்டே நிப்பேன். கொஞ்சம் அசந்தா குழாய் கரகரன்னு கிழிஞ்சு, உள்ள சத்தம் குடுக்குற யூனிட் போயிடும். ஒரு கந்தூரி (தர்கா திருவிழா) ராத்திரியில தென்னை மரத்துல கட்டுன யூனிட் அப்படித்தான் போச்சு. மாமா திட்டல, “பாட்டுக்குப் போச்சு, விடுடா”ன்னுட்டாரு.

இன்னொண்ணு. நம்ம ஊரு மலை, மேடு எதுவும் இல்லாத தரை. அறுப்பு முடிஞ்சு வயல் வெறுமனே கிடக்குறப்ப ராத்திரி சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு உங்களுக்கே தெரியும். டிக்கெட்டும் இல்லை, அழைப்பும் இல்லை, திண்ணையில படுத்துக்கிட்டே கேட்ட ஊருங்க எத்தனையோ.

திருவாரூர் பழசு:
தர்கா, கல்யாண வீடு மட்டும் பேசினால் பாதிக் கதைதான் ஐயா. எங்களுக்கு அவர் தி.மு.க. மேடைக்காரர். 1953 கல்லக்குடிப் போராட்டத்தில் கலைஞர் தண்டவாளத்தில் படுத்ததை ஊர் ஊராகக் கொண்டுபோனது செய்தித்தாளா, இவர் குரலா என்று கேட்டால் நான் குரல் என்பேன். தலைவர்கள் வந்து சேரத் தாமதமாகும். அதுவரை கூட்டம் கலையாமல் இருக்க இவர் பாடினால் போதும். சில பேர் பாட்டு முடிந்ததும் எழுந்து போனதும் உண்டு!

அண்ணாவைப் பற்றிய பாட்டை இசைத்தட்டாகப் போட எச்.எம்.வி. இசைத்தட்டு கம்பெனி தயங்கியதாகவும், அதைப் போடாவிட்டால் மற்றதையும் பாட மாட்டேன் என்று இவர் நின்றதாகவும் பழைய ஆட்கள் சொல்வார்கள். 1972-ல் கட்சி உடைந்தபோதும் நகரவில்லை. மேலவை உறுப்பினர், வக்பு வாரியத் தலைவர் பதவியெல்லாம் வந்தது. என்னைக் கேட்டால் அவர் உழைப்புக்கு அது குறைச்சல்.

கூத்தாநல்லூர் பொண்ணு:
ஆம்பளைங்க மேடை முன்னாடி உக்காந்து கேட்டீங்க. நாங்க மாடி ஜன்னல் வழியா, அவரு தொப்பி மட்டும் தெரியத் தெரிய கேட்டவங்க. எங்க ஊரு சபராளிங்க (வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவங்க) சிங்கப்பூர், மலேசியாவுலேர்ந்து வர்றப்ப டேப்ரெக்கார்டர் கொண்டாருவாங்க. அதுல முதல்ல ஓடுறது இவர் கேசட்தான். நாடா சிக்கிட்டா பென்சிலை விட்டுச் சுத்துறது என் வேலை.

ஒரு வருத்தம் உண்டு. எல்லாரும் “ஹனீபா பாட்டு”ன்னே சொல்றோம். எழுதுனவங்க வேற. ‘இறைவனிடம்’ எழுதுனது ஆர். அப்துல் சலாம். புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் எல்லாம் இவருக்கு எழுதிக் கொடுத்தவங்க, ரெண்டு பேருமே நாகூர்க்காரங்க. கேசட் அட்டையில அவங்க பேரு எறும்பு மாதிரி இருக்கும். தர்கா வாசல்லயே நின்னு கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியும்னு.

கீழ்வேளூரான்:
தங்கச்சி சொன்னது நியாயம். எனக்கே சலீம் பெயர் மட்டும்தான் தெரியும்.

மைக்செட் தம்பி:
சினிமாவையும் சேத்துக்குங்க. 1961 ‘பாவ மன்னிப்பு’ல டி.எம்.எஸ்.கூட பாடினாரு. 1997 ‘ராமன் அப்துல்லா’வுல இளையராஜா இசையில பாடுறப்பவும் அதே கணீர்தான். நடுவுல முப்பத்தாறு வருஷம்! சினிமாவையே நம்பியிருந்தா இவ்வளவு நாள் தாங்கியிருக்க மாட்டாருன்னு மாமா சொல்லுவாரு. எனக்கும் அதுதான் படுது. கந்தூரி, கல்யாணம், மாநாடுன்னு வருஷம் பூரா மேடை இருந்துச்சு.

திருவாரூர் பழசு:
கட்சிப் பாட்டு இசைத்தட்டு ரெண்டு மூணு என்னிடம் இருக்கிறது. ஓடவிட முள் கிடைக்கவில்லை. கும்பகோணம் பக்கம் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.