பணி அனுமதியும் இடர் சோதனையும் கைப்பேசிச் செயலிக்கு மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: ஜேக்கப்ஸ், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தெற்குப் பகுதியின் ஆலைகளிலும் எரிபொருள் கிடங்குகளிலும் குழாய், தொட்டிப் பராமரிப்பு செய்யும் சிறிய ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெல்டிங், உயரத்தில் சாரத்தின்மேல் வேலை, தொட்டிக்குள் இறங்குதல் ஆகிய அனைத்துக்கும் இதுவரை கார்பன் தாள் வைத்த மூன்று பிரதிப் புத்தகத்தில்தான் அனுமதி எழுதி வந்தோம். அடுத்த ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலம்) முதல் பணி அனுமதியும் வேலைக்கு முந்தைய இடர் சோதனையும் கைப்பேசிச் செயலி வழியாகவே வர வேண்டும் என்று எங்கள் வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார்.

விற்பனையாளர்கள் காட்டும் செயலிகள் யாவும் பார்வைக்கு நன்றாகவே உள்ளன. ஆனால் என் கவலை வேறு. தாளிலேயே நேற்றைய சோதனையைப் பார்த்து இன்றைக்கு எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. செயலியில் அது ஒரே தொடுதலில் முடிந்துவிடும். அதைத் தடுக்கும் அமைப்பு எது? சட்டப்படி தாளைக் கைவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: மியர்பேங்க்

ஐயா, பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். செயலியை வாங்குமுன், அனுமதிச் சீட்டு எதற்காக இருக்கிறது என்பதை உங்கள் குழுவினர் அனைவரும் உணர்ந்திருக்க வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். அங்கே அனுமதிச் சீட்டுகள் இல்லாமல் இல்லை. ஒரே பம்புக்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. பம்பைப் பழுதுபார்ப்பதற்கான சீட்டு இரவு ஷிப்டுக்குத் தெரிந்திருந்தது. அதன் அழுத்த நிவாரண வால்வைக் கழற்றியிருந்ததற்கான சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோனதும், பழுதுவேலை இன்னும் தொடங்காத இந்தப் பம்பை இயக்கினார்கள்; வால்வு இருந்த இடத்தை மூடியிருந்த தகட்டின் வழியே வாயு கசிந்து வெடித்தது.

ஆகவே எந்தச் செயலியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒரே கருவியின்மீது இரண்டு அனுமதிகள் திறந்திருந்தால் அது எச்சரிக்குமா? பக்கத்துத் தளத்தில் ஒருவர் பெயின்ட் அடிக்கும்போது இங்கே வெல்டிங்குக்கு அனுமதி கேட்டால் தடுத்து நிறுத்துமா? நிறுத்தி வைக்கப்பட்ட அனுமதிகள் அடுத்த ஷிப்டின் திரையில் தாமாகவே முதலில் வந்து நிற்குமா? தாளால் செய்ய முடியாத வேலை இது. இதைச் செய்யாத செயலிக்குப் பணம் கொடுப்பது வீண்.

அனுமதியை முடித்து வைப்பதிலும் அதே கண்டிப்பு தேவை. வெல்டிங் முடிந்த பின் குறைந்தது அரை மணி நேரமாவது, தீப்பொறி எங்கும் பற்றவில்லை என்று பார்க்கும் தீக்காவலர் அங்கே இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் இப்போது ஒரு மணி நேரம் கேட்கின்றன. வேலை முடிந்த நேரத்தைப் பதிந்து, காவல் நேரம் கழியும் வரை ‘முடிந்தது’ என்று அழுத்த விடாத செயலியே எனக்கு ஏற்புடையது. மின்னிணைப்பைத் துண்டித்துப் போட்ட பூட்டுகளின் எண்களும் அதே சீட்டில் இருக்கட்டும். எல்லாப் பூட்டும் கழன்றதாக உறுதி செய்யாமல் சீட்டு மூடப்படக் கூடாது.

மறுமொழி 2: பைன்டவுன்

நாங்கள் சில காலமாகச் செயலியைப் பயன்படுத்துகிறோம். நகலெடுப்பது பற்றிய உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. எங்கள் இடத்தில், முந்தைய சோதனையை அப்படியே எடுத்துவரும் வசதியை நிர்வாகியிடம் சொல்லி முடக்கிவிட்டோம். ஆபத்துகளின் பட்டியல் முன்கூட்டியே நிரம்பியிருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ‘இன்று இந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது’ என்ற கட்டத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும், இடத்தைப் படமும் எடுக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் ஒட்டிய கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் படிவம் திறக்கும். படிவத்தின் எட்டுக் கேள்விகளுக்கும் அரை நிமிடத்தில் பதில் வந்திருந்தால் அதை நேர முத்திரையே காட்டிக் கொடுத்துவிடும். வாரம் ஒருமுறை அந்த நேரங்களைப் பார்வையிடுவது மேலாளரின் கடமை. பார்க்க ஆளில்லாவிட்டால், சேகரித்த தகவல் அனைத்தும் சும்மா கிடக்கும்.

வாயு அளவீட்டை ‘சரி’ என்று குறியிட விடாதீர்கள், எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.9 விழுக்காடு. 20.9 என்று தொட்டி தொட்டியாக வருவது இயல்புதான். எனினும் அளந்த நேரமும் கருவியின் எண்ணும் சேர்ந்திருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். இடைவேளைக்குப் பின் மீண்டும் அளக்கும்படி செயலி நினைவூட்ட வேண்டும்.

இணைப்பு இல்லாதபோதும் செயலி இயங்குமா என்பதைத் தொட்டிக்கு அருகில் நின்றே சோதித்துப் பாருங்கள். விற்பனையாளரின் அலுவலகத்தில் எல்லாம் இயங்கும். 2023-இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்ற ஆறாம் நிலை மின்வெட்டு நடந்த நாட்களில், கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து சிக்னல் போனதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் இணைப்பு இல்லாத நிலையில் ஒரு கைப்பேசி தரும் அனுமதியை மற்றக் கைப்பேசிகள் அறியா. ஆகவே படிவத்தை அப்போது நிரப்பலாம்; அனுமதி வழங்குவது மட்டும் கட்டுப்பாட்டு அறையின் வழியாகவே நடக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று: எரிவாயு, எரிபொருள் ஆவி சேரக்கூடிய பகுதிகளுக்குள் சாதாரணக் கைப்பேசியைக் கொண்டு செல்லக் கூடாது. அதற்கென்று சான்று பெற்ற கருவிகள் உண்டு, விலை அதிகம். கிடங்கு வேலைக்கு நீங்கள் கணக்கிடும் செலவில் இதையும் சேருங்கள்.

மறுமொழி 3: சாட்ஸ்வொர்த்

சட்டம் பற்றிச் சுருக்கமாக. முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். 2014-ஆம் ஆண்டின் கட்டுமான ஒழுங்குமுறைகள் கூறும் கட்டுமானப் பணி அனுமதி, பெரிய திட்டங்களுக்காக வாடிக்கையாளர் தொழிலாளர் துறையின் மாகாண இயக்குநரிடம் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துப் பெறுவது. உங்கள் செயலி தரும் அன்றாட அனுமதி அதுவன்று.

அதே ஒழுங்குமுறைகளின் 9-ஆம் விதிப்படி, எழுத்து வழியாக நியமிக்கப்பட்ட தகுதியுள்ளவர் வேலை தொடங்குமுன் இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். அதில் கண்ட ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கு விளக்கவும் வேண்டும். பாதுகாப்புக் கோப்பு பணியிடத்தில் இருக்க வேண்டும், பணி முடிந்ததும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். எனவே சந்தா முடிந்தாலும் பதிவுகளைப் பிடிஎஃப் வடிவில் முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

2002-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டமான மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் மின்னணுக் கையொப்பத்தை ஏற்கிறது. ஆயினும் சட்டமே கையொப்பம் கேட்கும் ஆவணத்துக்கு மேம்பட்ட மின்னணுக் கையொப்பம் (அங்கீகாரம் பெற்ற சேவை வழியாக இடப்படுவது) தேவை. திரையில் விரலால் கிறுக்குவது அதற்குப் போதாது. நியமனக் கடிதங்களையும், வாடிக்கையாளருடன் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 37(2) பிரிவின் கீழ்ச் செய்துகொள்ளும் உடன்படிக்கையையும் தாளில் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதே நல்லது. தொழிலாளர்களின் படம், உடற்தகுதிச் சான்று ஆகியவற்றைச் செயலியில் ஏற்றுவதாக இருந்தால் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஜேக்கப்ஸ்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. எங்கள் குழுவில் பெரும்பாலோர் ஜூலு மொழி பேசுபவர்கள். பலரிடம் நல்ல கைப்பேசி இல்லை. அவர்கள் எப்படிக் கையொப்பமிடுவது?

மறுமொழி 4: மியர்பேங்க்

ஒரே கருவி போதும், ஐயா. குழுத் தலைவர் அதை வைத்துக்கொண்டு, வேலை நடக்கும் இடத்திலேயே அனைவரையும் நிறுத்தி, சோதனையை ஜூலுவில் வாய்விட்டுப் படிக்கட்டும். படித்த பின், ‘இங்கே உங்களுக்கு எது பயமாக இருக்கிறது’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதை அந்தப் புதுக் கட்டத்தில் எழுதட்டும். அதன் பிறகுதான் கருவி கைமாறிக் கையொப்பம் வாங்க வேண்டும். வேலையை நிறுத்தும் பொத்தான் செயலியில் இருந்தாலும், கருவி இல்லாத தொழிலாளி ‘நிறுத்து’ என்று குரல் கொடுத்தால் போதும், அனுமதி அந்த நொடியே செல்லாது என்பதைத் தொழிற்சாலை நிர்வாகத்திடம் எழுத்து வழியாகப் பெற்றுக்கொண்டு ஷட்டவுனைத் தொடங்குங்கள்.