ஆய்வேட்டுத் தலைப்பு: தாது வருடப் பஞ்சத்தில் எனக்குக் கிடைத்த கேள்வி

எம்.ஏ. வரலாறு படிக்கும்போது ஆய்வேட்டுக்கு நான் எடுக்க நினைத்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. சேலம் பக்கத்தில் பழைய ஆட்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சொல்லித்தான் நானும் முதலில் கேள்விப்பட்டேன்.

என் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, இந்த விஷயத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. "பஞ்சம் சரிம்மா. அதுல எது? அதுக்கு எந்தக் காகிதத்தைப் படிக்கப் போற?" என்று கேட்டார். தலைப்பு தேடுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான் என்பது என் கருத்து. எவ்வளவு பிடித்த விஷயமாக இருந்தாலும், ஆவணம் கைக்கு எட்டாவிட்டால் நான்கைந்து மாதத்தில் ஒன்றும் எழுத முடியாது.

அப்புறம் துறைத்தலைவர் கடிதத்தோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். லெ ஃபானு எழுதி 1883இல் வந்த சேலம் மாவட்ட மேனுவலையும், அதாவது மாவட்டத்தைப் பற்றிய விவரநூலையும், படித்தேன். படிக்கப் படிக்க ஒரே ஒரு தகராறு என்னை இழுத்தது. 1877 தொடக்கத்தில் பஞ்ச நிலவரத்தைப் பார்க்க இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவர்களின் கூலியைக் கணக்கிடும் தானிய அளவை நாளுக்கு ஒரு பவுண்டாகக் குறைக்கச் சொன்னார். கிட்டத்தட்ட 450 கிராம். அதை வைத்து மண் வெட்டிச் சுமக்கிற உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஒரு பவுண்டா ஒன்றரை பவுண்டா என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டிருந்த அதே மாதங்களில், ஜனங்கள் அந்தக் கூலியை நம்பித்தான் கூடை தூக்கினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

ஆய்வேட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைத்திருக்காது. காலம் குறுகியது. இரண்டு தரப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் சொன்னது சரி, எந்த ஆதாரத்தில் சொன்னார்கள் என்று நாமே எடைபோட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. 'தமிழகத்தில் பஞ்சங்கள்' என்று வைத்திருந்தால் நாலு புத்தகத்தின் சுருக்கத்தைத்தான் எழுத முடிந்திருக்கும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளமான சோத்கங்காவில் தேடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் விஷயத்தில் யாரோ முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பலர் தலைப்பையே தூக்கிப் போடுகிறார்கள். அவசரமே வேண்டாம். அந்த ஆய்வேட்டை எடுத்து முன்னுரையையும் கடைசி இயலையும் படியுங்கள். எதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

போன வருடம் ஜூனியர் ஒருத்தி வந்தாள். சமூகவியல் படிக்கிற பெண், ஊர் இளம்பிள்ளை. "அக்கா, நெசவாளர் வாழ்க்கைன்னு எடுக்கலாமா?" என்று கேட்டாள். ஊரைச் சுற்றி தறி ஓடுகிற இடம் அது. ஆட்களும் தெரிந்தவர்கள், பேச்சும் தெரிந்த பேச்சு. அவ்வளவு இருந்தும் தலைப்பு அகலம்தான். பேசப் பேச, கைத்தறியை விட்டு விசைத்தறிக்கு மாறிய குடும்பங்களில் பெண்களுடைய வேலை எப்படி மாறியது என்ற கேள்விக்கு அவளே வந்து சேர்ந்தாள். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பின்னணியில் சேர்த்துக்கொண்டாள்.

அவளிடம் நான் வற்புறுத்தியது ஒன்றுதான்: சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எழுதுவதற்கு முன்னால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், பழைய கணக்குகளைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிடு. முதல் தடவை கொஞ்சம் தயங்கினார்களாம். கல்லூரிக் கடிதத்தோடு அவள் அப்பாவும் கூடப் போன பிறகு பழைய பேரேடுகளைப் பார்க்கச் சம்மதித்தார்கள். அன்று சாயங்காலமே தலைப்பை எழுதிக் கைடிடம் கொடுத்துவிட்டாள்.