ஞாயிறு பார்சலுக்கு 780 ரூபாய். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செல்லூர் அம்மா: வீட்டில் மாமியாரோடு ஐந்து பேர். ஞாயிறு இரவு மட்டும்தான் அடுப்புக்கு ஓய்வு. நேற்று 12 பரோட்டா, 2 கறி தோசை, ஒரு சுக்கா வாங்கினேன். 780 ரூபாய்! அதில் டப்பாவுக்கு மட்டும் 40. முன்பெல்லாம் இலையில் கட்டி, சால்னாவைப் பையில் ஊற்றித் தருவார்கள், தனியாகக் காசு கேட்டதில்லை. சின்னவள் கறி தோசையின் முறுகல் ஓரத்தைப் பிய்த்து என் வாயில் வைக்கிறாள், நிறுத்தவும் மனசு வரவில்லை.

தூக்குவாளி: சால்னாவுக்கு எவர்சில்வர் தூக்கு கொண்டு போங்கள் அக்கா. சூடும் ஆறாது. செயலியில் வாங்காதீர்கள், எங்கள் தெருக் கடையின் தோசையே அதில் 25 ரூபாய் கூட.

சிம்மக்கல் கடைக்காரர்: 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, அப்புறம்தான் இந்த டப்பா. எங்களுக்கும் அது செலவுதான். மாதம் பிறந்தால் 19 கிலோ சிலிண்டர் விலை மாறுகிறது, மாஸ்டர் சம்பளமும் ஏறிவிட்டது. ஆனால் ஒன்று, காம்போசிஷன் முறையில், அதாவது விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டும் முறையில், இருக்கும் கடை உங்களிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. பில்லைப் பாருங்கள் அம்மா.

செல்லூர் அம்மா: சரிங்கண்ணே, பார்க்கிறேன். அடுத்த வாரம் சுக்கா வீட்டில், பரோட்டா மட்டும் கடையில். தூக்கைத் தேய்த்து வைத்துவிட்டேன்.