'திறப்புரிமை': கோப்பின் அனுமதியையும் ஓப்பன் கொடிகளையும் பிரிக்க ஒரு சொல்

கோவையிலிருந்து:

வணக்கம்ங்க. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் பற்றிய பாடத்தைத் தமிழாக்கும்போது, கோப்பைத் திறந்துதரும்படி நிரல் கர்னலைக் கேட்கும் ஓப்பன் அழைப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். இப்போதைய வரைவில் கோப்பின் ரீட் (படிக்க), ரைட் (எழுத), எக்ஸிக்யூட் (இயக்க) பிட்டுகளும் 'அனுமதி'. திறக்கும்போது சொல்லும் ஓ_ஆர்டிஒன்லி (படிக்க மட்டும்), ஓ_ஆர்டிடபிள்யூஆர் (படிக்கவும் எழுதவும்) எல்லாம் 'அனுமதிக் கொடி'. படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார்.

இரண்டும் இருக்கும் இடமே வேறு. 0644 (உரிமையாளர் படிக்க, எழுத; மற்றவர் படிக்க மட்டும்) போன்ற அனுமதி எண் ஐநோடில், அதாவது கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவில், கோப்போடு கிடப்பது. ஓப்பன் நடக்கும்போது கர்னல் அந்தப் பிட்டுகளைச் சோதித்துவிட்டு, படிக்கலாமா எழுதலாமா என்பதை ஒவ்வொரு திறப்புக்கும் தான் வைத்துக்கொள்ளும் ஸ்ட்ரக்ட் ஃபைல் என்ற பதிவின் எஃப்_மோடு புலத்தில் பதிந்துவைக்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு ரைட் அழைப்பிலும் எஃப்_மோடு பார்க்கப்படும். ஐநோடின் அனுமதி பிட்டுகளை மறுபடி யாரும் கேட்பதில்லை. வலைவழிக் கோப்பு முறையான என்எஃப்எஸ் சங்கதி வேறு, அங்கே சர்வரும் தன் பங்குக்குச் சோதிக்கும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் சாதாரணப் பயனர் பெயரில் ஓடும் பில் நிரலை எடுத்துக்கொள்ளுங்க. காலையில் பதிவுக் கோப்பை எழுதுவதற்குத் திறந்துவிட்டது. மதியம் நிர்வாகி அதற்கு சிஎச்மோட் 444 போட்டு, எல்லோரும் படிக்க மட்டும் என்று அனுமதியை மாற்றுகிறார். நிரல் பாட்டுக்குச் சாயங்காலம்வரை எழுதிக்கொண்டேதான் இருக்கும். மூடிவிட்டு மறுபடி எழுதத் திறந்தால்தான் 'அனுமதி இல்லை' என்ற ஈஆக்ஸஸ் பிழை. படிக்க மட்டும் திறந்த விவரிப்பியில் (திறந்த கோப்புக்குக் கர்னல் தரும் எண்) எழுதப் போனாலோ, கோப்பு எல்லோரும் எழுதக்கூடிய 0666 ஆக இருந்தாலும் வருவது 'தவறான விவரிப்பி' என்ற ஈபேட்எஃப். பிழைக்கே தனித்தனிப் பெயர் இருக்கும்போது நாம் ஒரே சொல்லை இரண்டுக்கும் ஓட்டுவது சரியில்லை.

என் முன்மொழிவு: கோப்போடு இருப்பது 'அனுமதி', திறந்ததோடு வருவது 'திறப்புரிமை'.

பொள்ளாச்சியிலிருந்து:

திறப்புரிமை எனக்குச் சம்மதம்ங்கண்ணா. ஈழத்தில் திறப்பு என்றால் சாவி. ஆனாலும் பொருள் கெடவில்லை, விட்டுவிடலாம்.

'கொடி'யைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கொடி என்றால் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் இறங்கியிருக்கும். எக்ஸ்86 செயலிகளில் ஓடும் லினக்ஸில் ஓ_கிரியேட் (இல்லாவிட்டால் உண்டாக்கு; எண்ம 0100), ஓ_ட்ரங்க் (காலி செய்; 01000), ஓ_அப்பெண்ட் (கடைசியில் சேர்; 02000) அப்படிப்பட்டவை. ஓ_ஆர்டிஒன்லியின் மதிப்போ 0. அதைப் பிட்டுக்குப் பிட் ஆண்ட் போட்டுச் சோதித்தால் விடை எப்போதும் பொய்தான். கல்லூரிப் பையன்கள் எழுதும் நிரலில் அடிக்கடி பார்க்கலாம். கடைசி இரண்டு பிட்டுகளை ஓ_ஆக்மோடு (3) கொண்டு தனியே எடுத்து 0, 1, 2 இதில் எது என்று ஒப்பிட வேண்டும். கர்னல் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது: 0 என்பது 1 ஆகிப் படிக்கும் பிட், 1 என்பது 2 ஆகி எழுதும் பிட், 2 என்பது 3 ஆகி இரண்டும். கெட்டிக்காரக் கணக்கு.

ஆக, இந்த மூன்றுக்கு மட்டும் 'திறப்பு வகை', மற்றவற்றுக்குத் 'திறப்புக் குறிப்பு' என்று வைக்கலாம்ங்க. குறிப்பும் அனுமதி கேட்கும் என்பதை மட்டும் அடிக்குறிப்பில் சொல்லணும்: ஓ_ஆர்டிஒன்லியோடு ஓ_ட்ரங்க் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் வரையறுக்கவில்லை. லினக்ஸ் எழுத்தனுமதி கேட்கும். இருந்தால் கோப்பைக் காலி செய்துவிடும்.

கோவையிலிருந்து:

சரிங்க தம்பி, மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மிச்சம், புதுக்கோப்புக்கு என்ன அனுமதி என்று சொல்லும் ஓப்பனின் மூன்றாவது அளவுரு. ஓ_டபிள்யூஆர்ஒன்லி (எழுத மட்டும்), ஓ_கிரியேட் இரண்டோடு 0400 (உரிமையாளர் படிக்க மட்டும்) கொடுத்துப் புதுக்கோப்பு உண்டாக்கினால் திறப்பு வெற்றிதான். கையில் உள்ள விவரிப்பியில் எழுதலாம். அடுத்த முறை எழுதத் திறந்தால் ரூட் என்ற முழு நிர்வாகி அல்லாதவருக்குக் கிடைக்காது. 0666 கொடுத்தாலும், புதுக்கோப்பின் அனுமதியிலிருந்து சில பிட்டுகளை நீக்கும் யூமாஸ்க் 022 என்றால் 0644 தான் பதியும். அளவுருவைப் போடவே மறந்தால் ஏதோ ஒரு குப்பை எண் போய்ச் சேர்ந்து, உண்டாக்கியவரே மறுபடி திறக்க முடியாத கோப்பு கிடைக்கலாம்.

இதற்குத் 'தொடக்க அனுமதி' என்று போடட்டுங்களா? ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் திறந்தால் கர்னல் இந்த எண்ணைக் கண்டுகொள்ளாது என்பதும் பெயரிலேயே வந்துவிடும்.